மண்டபத்துக் காற்றில் நான்கு வருடம்: 80 வாட் லேசர் வெட்டும் மெஷின்

எங்கள் மண்டபத்துக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கடைக்குள் உப்பு வந்துவிடும். அங்கேதான் 80 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷினை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். படகுக்குப் பெயர்ப்பலகை, கடைகளுக்கு அக்ரிலிக் எழுத்து என்று தினமும் வேலை இருக்கிறது. வெட்டில் குறையே இல்லை. 5 மில்லிமீட்டர் அக்ரிலிக்கின் ஓரம் பாலிஷ் போட்டது போல வரும்.

வாங்கும்போது யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. லேசர் குழாயிலிருந்து கிளம்பும் கதிர் மூன்று கண்ணாடிகளில் பட்டு, திறந்த காற்றில்தான் லென்ஸுக்கு வருகிறது. அந்தக் காற்றும் மெஷினில் ஒரு பாகம்தான்.

முதல் ஐப்பசியில் ஒருநாள் வெட்டு பாதியிலேயே நின்றது. லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்தால் நடுவில் மிளகளவு பழுப்புப் புள்ளி, அதிலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல். உப்புதான் தின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் படித்தபோதுதான் புரிந்தது: 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளி உப்புப் படிகத்துக்குள் தாராளமாகப் போகும். 1964-இல் குமார் படேல் இந்த வகை லேசரைக் கண்டுபிடித்த அந்தக் காலத்தில் உப்பிலேயே ஜன்னல் செய்து போட்டார்கள். ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இந்த ஒளியை விழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில்தான் லென்ஸ் போனது.

போதாததற்கு, வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் கம்ப்ரஸரும் ஈரத்தைச் சேர்த்து ஊதியிருக்கிறது. இப்போது தினமும் சாயங்காலம் அதன் அடித்திருகைத் திறக்கிறேன். வாடைக் காலத்தில் அரை டம்ளர் தண்ணீர் வரும். இரவில் லென்ஸ் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவுக்குள் தூங்கும். குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரை 25 டிகிரிக்குக் கீழே விடுவதில்லை. விட்டால் குழாயின் வாயில் பனி பூக்கும்.

கச்சான் என்கிற மேற்குக் காற்று அடித்தால் புகை வெளியே போகாமல் திரும்பி வந்து கதிரின் வழியில் நிற்கும், வெட்டு ஆழம் குறையும். புகைக்குழாயைக் கிழக்கே திருப்பியதும் சரியானது.

பார்க்க வரும் பிள்ளைகள் ‘காற்றில் பொறி பறக்குமாண்ணே?’ என்று கேட்பார்கள். சுத்தமான காற்றை உடைத்துப் பொறி கிளப்ப சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடி வாட்டுக்கு மேல் வேண்டும். இந்த மெஷினில் கதிர் குவியும் இடத்தில் பத்து லட்சம் வந்தாலே பெரிது. ஆனாலும் மூடியைத் திறந்து ஓட்டவே கூடாது; கண்ணுக்குத் தெரியாத கதிர் இது.

கடற்கரையில் கடை வைத்திருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். கம்ப்ரஸருக்கு நல்ல ஈரவடிகட்டியையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். அதை மாட்டி மூன்று வருடமாகிறது, ஒரே ஒரு லென்ஸ்தான் மாற்றியிருக்கிறேன்.