ஒட்டுப்போட்ட ஒயரிங்கும் வேக்குவம் பைப்பும்: என் பழைய ஜென் இப்போது எப்படி இருக்கிறது

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள மாருதி ஜென் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்டிருக்கும் வாக்கியம் "கார்ப் போச்சு சார்" என்பதுதான். ஏசி போட்டதும் சிக்னலில் வண்டி அணைந்தாலும், பாலம் ஏறத் திணறினாலும், பெட்ரோல் அதிகம் குடித்தாலும் இதே பதில். என் வண்டி 1998 மாடல் மாருதி ஜென், 993 சிசி, டிஎன் 04 பதிவு. நான் மூன்றாவது கை. முன்னால் வைத்திருந்தவர்கள் கார்புரேட்டரை ஓவர்ஹால் செய்த பில்கள் கிளவ் பாக்ஸிலேயே கிடந்தன. அதற்கெல்லாம் செலவழித்த பிறகும் வியாதி அப்படியே இருந்தது, ஏனென்றால் வியாதி கார்புரேட்டரில் இல்லை. அதற்குப் போகும் குழாய்களிலும், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஒயர்களிலும் இருந்தது.

2021-ல் எல்லாவற்றையும் பிரித்துச் சரி செய்தேன். வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டை. கடல் காற்று தினமும் பானெட்டுக்குள் போய் வரும் இடம். அங்கே நான்கு வருடத்துக்கு மேல் அந்த வேலை எப்படித் தாக்குப்பிடித்திருக்கிறது, எந்தப் பொருள் நின்றது, எது கவிழ்த்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி இருந்த நிலை. யாரோ ஒரு காலத்தில் கேஸ் கிட் போட்டு, பிறகு கழற்றியிருக்கிறார்கள். கிட் போய்விட்டது, அதன் ஒயர்கள் போகவில்லை. அதன்மேல் சென்ட்ரல் லாக், அதன்மேல் அலாரம், அதன்மேல் ஆம்ப்ளிஃபையர், இரட்டை ஹாரன், ஃபாக் லைட். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் காசிமேட்டில் சிக்கெடுக்காமல் போட்டுவைத்த வலைதான். பாதி ஜாயின்ட்டுகள் முறுக்கிச் சுற்றியவை. சுற்றிய இன்சுலேஷன் டேப் வெயிலில் உருகி, கையில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டது. ஃபாக் லைட்டுக்குப் போட்டிருந்தது வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைக் கம்பி ஒயர். அந்தக் கம்பி சுவருக்குள் ஆடாமல் கிடக்கும்வரை நன்றாக இருக்கும்; அதிர்ந்துகொண்டே இருக்கும் வண்டியில் வளையும் இடத்தில் ஒடிந்துவிடும். 15 ஆம்பியர் என்று எழுதியிருந்த ஃப்யூஸ் இடத்தில் 30 ஆம்பியர் உட்கார்ந்திருந்தது. ஃப்யூஸ் போகாது, ஒயர்தான் போகும் என்கிற ஏற்பாடு.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். வண்டியைப் பார்த்துவிட்டு அவர் எதையும் தொடவில்லை. "தம்பி, புதுசா எதையும் போடாத. கம்பெனிக்காரன் போட்டதுக்கு மேல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் உருவிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார். உருவினேன். ஒரு சிமென்ட் சாக்கில் பாதிக்கு மேல் ஒயர் தேறியது. ஆச்சரியம் என்னவென்றால், ஒரிஜினல் ஒயரிங் அடியில் நல்ல நிலையில்தான் இருந்தது, வெட்டி எடுத்த இடங்களைத் தவிர.

அப்புறம் எர்த். பழைய வண்டியில் மின்சாரக் கோளாறு என்றால் நான் இனி முதலில் இங்கேதான் மல்டிமீட்டரை வைப்பேன். ஒரு முனை பேட்டரியின் மைனஸில், இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில். யாரையாவது சாவி திருப்பி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்ல வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. என் வண்டியில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய பட்டை ஒயர் பச்சை பூத்து, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவும் திரும்பிப் போக வேறு வழி தேடியிருக்கிறது: ஆக்ஸிலரேட்டர் கேபிள். அதன் மேலுறை ஓரிடத்தில் உருகி உள்கம்பியோடு ஒட்டியிருந்தது. ஆக்ஸிலரேட்டர் கெட்டியாக இருக்கிறது என்று அதற்கு வருடக்கணக்கில் எண்ணெய் விட்டிருப்பார்கள். புது எர்த் பட்டை, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வைத்த போல்ட், மேலே கொஞ்சம் வாஸலின். ஸ்டார்ட்டர் சத்தமே மாறிவிட்டது.

ரேடியேட்டர் ஃபேன் சென்னைக்கே உரிய முறையில் 'டைரக்ட்' செய்யப்பட்டிருந்தது. வெப்பத்தைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச் கெட்டதும், அதை மாற்றாமல் சாவி போட்டாலே ஓடும்படி இக்னிஷனிலிருந்து இழுத்துவிட்டார்கள். வண்டி சூடாகாது, உண்மைதான். ஆனால் ஃபேனின் மொத்த கரண்டும் இக்னிஷன் ஸ்விட்ச் வழியாகப் போய் அதைச் சுட்டுக்கொண்டிருந்தது. புது ஸ்விட்ச்சும், சின்ன கரண்டை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஒரு ரிலேயும் போட்டு இதை முடித்தேன்.

ஹெட்லைட்டுக்கும் ரிலேதான். 60/55 வாட் பல்பு இரண்டு சேர்ந்து ஹை பீமில் பத்து ஆம்பியர் இழுக்கும். அது முழுக்க ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகப் போய் வந்தால் பாதி வழியிலேயே வோல்ட்டேஜ் கரைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5-க்கு மேல் இருந்தது, பல்பு ஹோல்டரில் 11-தான் இருந்தது. அவ்வளவு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ரிலேயில் 30 என்று எண் போட்ட காலில் சப்ளை, 87-லிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-ல், 85 எர்த். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் எதிரே வரும் கன்டெய்னர் லாரி வெளிச்சத்துக்கு நடுவே ஓட்டுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. 100 வாட் பல்பு போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஹோல்டர்தான் உருகும், எதிரே வருபவன்தான் திட்டுவான்.

வண்டியை மூன்று நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி படுத்துவிடும் என்பது தனிக்கதை. பேட்டரி மைனஸைக் கழற்றி, நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்தால் 0.4 காட்டியது. நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி போகிறது என்று பொருள். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது மூன்றரை நாள் சாப்பாடு, கணக்கு சரியாக இருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் எதிலும் குறையவில்லை, ஏனென்றால் செத்துப்போன அந்த அலாரம் பெட்டிக்கு ஃப்யூஸே இல்லை. பேட்டரி டெர்மினலிலிருந்து நேராகக் கம்பளத்துக்கு அடியில் ஓடியிருந்தது. அதை வெட்டியதும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தது.

வேக்குவம் பக்கம்தான் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. மெக்கானிக்குகள் அதிகம் கண்டுகொள்ளாத இடமும் அதுதான்.

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரிலிருந்து, பிளக்கில் பொறி விழும் நேரத்தை (டைமிங்) முன்னால் தள்ளும் டிஸ்ட்ரிப்யூட்டர் அட்வான்ஸ் வரை பல வேலைகள் நடக்கின்றன. அந்த இழுவிசையை அளக்க ஒரு கேஜ் வேண்டும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கடல் மட்டத்தில் நல்ல பெட்ரோல் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்ட வேண்டும், முள் ஆடாமல் நிற்க வேண்டும். என்னுடையதில் 13-ஐச் சுற்றி முள் நடுங்கிக்கொண்டிருந்தது.

முதல் ஓட்டை பூஸ்டர் ஹோஸில். கேஸ் கிட்டுக்காக அதில் ஒரு டி ஜாயின்ட் புகுத்தியிருந்தார்கள். கிட்டைக் கழற்றிய பிறகு அந்த வாயில் ஒரு போல்ட்டைச் செருகி எம்-சீல் அப்பியிருந்தார்கள். எம்-சீல் வெடித்து, ஐடிலில் காது வைத்துக் கேட்டால் மெல்லிய சீறல். பிரேக் பெடல் கல் மாதிரி இருந்ததற்கும் இதுதான் காரணம். பூஸ்டரைச் சோதிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். டி-யைத் தூக்கிவிட்டு, ஒரு பக்கம் மட்டுமே காற்றை விடும் நான்-ரிட்டர்ன் வால்வோடு புது ஹோஸ் போட்டேன். இறங்கியது.

இரண்டாவது, ஏசிக்கான ஐடில்-அப். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும்போது எஞ்சினுக்குச் சுமை கூடும். அப்போது ஒரு மின் வால்வு திறந்து, வேக்குவத்தைக் கார்புரேட்டரில் இருக்கும் சின்ன டயஃப்ரத்துக்கு (ரப்பர் சவ்வு) அனுப்பி, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகட்டைக் கொஞ்சம் தூக்கும். என் வண்டியில் அந்த ஹோஸின் வாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்திருந்தார்கள், வால்வுக்குப் போகும் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. அதனால் ஏசி போட்டால் வண்டி அணைந்தது. அணைகிறது என்பதற்காக ஐடில் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதால் ஏசி இல்லாதபோது எஞ்சின் கத்தியது. கத்தியதால் பெட்ரோல் போனது. கடைசியில் பழி கார்புரேட்டர் தலையில்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் அட்வான்ஸுக்குப் போன குழாய் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. மீன் தொட்டியில் காற்று விடும் டியூப்! வண்ணமீன் கடைகளுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்தில் இருக்கிறோம், அதற்கென்ன பஞ்சம். எஞ்சின் சூட்டில் அது துவண்டு, வளையும் இடத்தில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், அதைச் செருகியிருந்த இடம். அட்வான்ஸ் குழாய் திராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே உள்ள துளைக்குப் போக வேண்டும். ஐடிலில் அங்கே இழுவை இருக்காது, ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தும்போதுதான் வரும். இவர்கள் நேராக மேனிஃபோல்டில் செருகிவிட்டார்கள். ஐடிலிலேயே டைமிங் முன்னால் போய்விட, டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பிப் பின்னுக்கு இழுத்து ஈடுகட்டியிருக்கிறார்கள். பேசின் பிரிட்ஜ் பாலம் ஏற அழுத்தினால் மேனிஃபோல்டில் வேக்குவம் விழும், அட்வான்ஸும் போய்விடும், மிஞ்சுவது பின்னுக்கு இழுத்த டைமிங். வண்டி எப்படி இழுக்கும்? குழாயை அதன் இடத்தில் மாட்டி, பிறகு அந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட் வைத்துச் செட் செய்ததும் அதே பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது.

ஓட்டை தேட சிலர் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான எஞ்சினில், பழைய பிளக் ஒயரோடு, அது தீ விளையாட்டு. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். ஓட்டையில் தண்ணீர் பட்டால் எஞ்சின் சத்தம் மாறும்.

எல்லாம் முடிந்தபோது கேஜ் 18-ல் நின்றது. கார்புரேட்டரைத் திறக்கவே இல்லை. ஏசியோடு நகருக்குள் லிட்டருக்கு 9 கொடுத்த வண்டி இப்போது 13 கொடுக்கிறது. பொல்யூஷன் டெஸ்ட்டில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீத வரம்பை ஒட்டியே இருந்தது, இப்போது ஒன்றுக்குக் கீழே.

சரி, பொருட்கள். சின்ன வேக்குவம் குழாய்களுக்கு தடிமனான சிலிக்கான் ஹோஸ் போட்டேன். சூட்டுக்கு அசையவில்லை, இன்னும் மெத்தென்று இருக்கிறது. ஆனால் மென்மையான பொருள், உரசல் தாங்காது. ஒரு கிளாம்ப் விளிம்பில் உரசி ஒரு குழாய் அறுந்தது. பெட்ரோலுக்கும் எஞ்சின் ஆயில் ஆவிக்கும் சிலிக்கான் ஆகாது, அதனால் கிராங்க்கேஸ் ஆவி போகும் ஹோஸுக்கு ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான். அது இதற்குள் ஒருமுறை கெட்டியாகி மாற்றியாகிவிட்டது.

ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் லக் விஷயத்தில் கடல் காற்று கறாராக இருந்தது. அவசரத்துக்குப் போட்ட சாதா பித்தளை லக் இரண்டாவது மழைக்காலத்திலேயே பச்சையாகிவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, வெள்ளீயம் பூசிய செம்பு லக்குகளும், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஷ்ரிங்க் டியூபும் இன்றைக்கும் புதிது போல இருக்கின்றன. மலிவான ரிலே ஒன்று உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடியது. சீல் செய்த ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. இன்சுலேஷன் டேப்பை மறந்துவிடுங்கள், துணி டேப்தான். ஒயர்களை மூட நெளிநெளி கான்டியூட் குழாய் போட்டால் அதன் வெட்டு கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருத் தண்ணீர் வண்டிக்குள் கம்பளம் வரை ஏறியது. ஜாயின்ட்டுகள் எல்லாவற்றையும் முன்பே மேலே தூக்கியிருந்ததால் பேட்டரியைக் கழற்றி, காயவைத்து, மறுபடி மாட்டியதும் கிளம்பிவிட்டது. கம்பளம்தான் போனது.

இப்போது பாக்கியிருப்பது இரண்டு. பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. இருபத்தைந்து வருட ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. டேங்க்கிலிருந்து பம்ப் வரை ஹோஸை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன்; கார்புரேட்டருக்கு உள்ளே இருக்கும் டயஃப்ரம் இன்னும் பழையதுதான். இன்னொன்று, டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் யூனிட். புதிது எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய யூனிட்டுகள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் கடையிலேயே குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கைப் பிடித்து வைத்துக்கொண்டால் நல்லது. உடனே விட்டுவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அடுத்த பெட்டியைக் கேளுங்கள்.