இரைப்புக்கு எந்த இன்ஹேலர்: சால்பியூட்டமால் மட்டுமா, ஃபார்மோட்டரால் கூட்டா?

ஆஸ்துமா உள்ளவர்களின் சட்டைப் பையிலும் கைப்பையிலும் பல்லாண்டுகளாக இடம்பிடித்திருப்பது சால்பியூட்டமால் என்ற நீல நிற இன்ஹேலர். இரைப்பு வரும்போது மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளியும் அடைக்கிறது. இழுத்த காற்றை வெளியே விடுவதற்குள் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு பஃப்பில், அதாவது இன்ஹேலரை ஒருமுறை அழுத்தும்போது வரும் மருந்தில், உள்ள 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் அந்தத் தசையில் மருந்து பற்றிக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி, ஏறக்குறைய ஐந்து நிமிடங்களில் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இந்தப் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும்.

ஆனால் வீக்கத்தை அது தணிப்பதில்லை. நள்ளிரவில் இரண்டு பஃப் இழுத்துவிட்டு நிம்மதியாக உறங்குபவருக்கு, மூச்சுக்குழலின் உட்சுவர் புண்பட்டபடியே இருப்பது தெரிவதில்லை. ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சால்பியூட்டமால் இன்ஹேலர்கள் தீர்கின்றன என்றால், கடுமையான இரைப்பு வரும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள்.

ஃபார்மோட்டராலும் புடசோனைடும் சேர்ந்த இன்ஹேலர் இந்தக் குறையை நேரடியாக எதிர்கொள்கிறது. ஃபார்மோட்டரால் சில நிமிடங்களிலேயே குழலை விரித்து, ஏறக்குறைய 12 மணி நேரம் வேலை செய்கிறது. புடசோனைடு என்ற ஸ்டீராய்டு, ஒவ்வொரு பஃப்புடனும் வீக்கத்தைக் குறைக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டோர் சால்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியதற்கு இதுவே அடிப்படை. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே அஞ்சுபவர்கள் பலர். ஆனால் இங்கே அது மைக்ரோகிராம் அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்வதால், மாத்திரையாக உட்கொள்ளும்போது வருமளவுக்கு உடல் முழுவதும் பாதிப்பு ஏற்படுவதில்லை. விலை கூடுதல்தான். இருந்தாலும், பெரியவர்களுக்கு நான் இதையே முதலிடத்தில் வைப்பேன். சிறு பிள்ளைகளுக்கான மருந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சால்பியூட்டமால் மாத்திரையும் சிரப்பும் இவற்றோடு போட்டியிடவே முடியாது. வேலை செய்யத் தாமதமாவதோடு, கைநடுக்கத்தையும் படபடப்பையும் கூடுதலாகத் தருகின்றன.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இழுக்கும் முறை தவறினால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். அழுத்தும் வகை இன்ஹேலர் என்றால், மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயைப் பொருத்தி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக ஆழ்ந்து இழுத்துப் பத்து விநாடி மூச்சை அடக்குவது நல்லது.

கூட்டு இன்ஹேலர்களில் ஓர் எச்சரிக்கை உண்டு: சால்மெட்டரால் கலந்தவை மெதுவாக வேலை செய்பவை, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றை உடனடி நிவாரணத்துக்கு எடுக்கக் கூடாது. எந்த இன்ஹேலர் எடுத்தும் மூச்சு சீராகாமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமலோ உதடு நீலம் பாய்ந்தோ இருந்தால், உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட வேண்டும்.