ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்னு காசு வாங்கிட்டு மெஷின் போட்டு அனுப்பிட்டாங்க: வயர் ஃபாக்ஸ் டெரியர் வச்சிருக்கவங்க கண்டிப்பா படிங்க

மொதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். சென்னையில ஒரு பெரிய க்ரூமிங் கடை, ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க சர்டிபிகேட் மாட்டி வச்ச கடை. ரேட் கார்டுல "ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங் 4,500 ரூபாய்"னு போட்டிருந்தாங்க (மெஷின் போடாம செத்த முடியைக் கையால உருவி எடுக்கறதுதான் ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்), அந்தக் காசை முழுசா வாங்கிட்டு எங்க வயர் ஃபாக்ஸ் டெரியர் ஜிப்புவுக்கு மெஷின் போட்டு மொத்த முடியையும் வழிச்சு அனுப்பிட்டாங்க. அதோட நிக்கல, அங்க குளிப்பாட்டினதுக்கு அப்புறம் அவனுக்கு முதுகு பூரா இன்ஃபெக்ஷன் ஆகி தொடக்கூட விடாம வலியில கத்தினான். கடை பேரை இங்க போடல, புகார் குடுத்திருக்கோம், அது ஒரு பக்கம் நடக்குது. ஆனா அவங்க ஏமாத்தின விதம் எந்த ஊர்லயும் எந்தக் கடையிலயும் நடக்கலாம், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இந்த இனம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா "முடிதானே, வெட்டினா வளரும்"னு தோணும் (எங்க மாமியாரே அப்படித்தான் கேட்டாங்க). வயர் ஃபாக்ஸ் டெரியர் இங்கிலாந்துல நரி வேட்டைக்குன்னு வளர்த்த நாய், பொந்துக்குள்ள போகும், முள்ளுப் புதர்ல நுழையும், அதனால அதோட மேல் முடி தேங்காய் நார் மாதிரி வெறைப்பா இருக்கும், அடியில மெத்துன்னு இன்னொரு அடுக்கு, அதைத்தான் அண்டர்கோட்னு சொல்றோம். மேல் முடி நுனிப்பக்கம் தடிமனா, நல்ல கலரா இருக்கும், வேர்ப்பக்கம் போகப் போக மெலிஞ்சு கலரும் வெளிறிடும். சில மாசத்துல அந்த முடி செத்து வேர்ல லூசாகி அப்படியே நிக்கும், மத்த நாய்க்கு மாதிரி தானா பெருசா கொட்டாது. அப்ப விரலாலயோ ஸ்ட்ரிப்பிங் கத்தியாலயோ முடி வளர்ற திசையிலயே உருவி எடுக்கணும், எடுத்த எடத்துல புது வெறைப்பு முடி வரும். அந்தக் கத்தி பேர்தான் கத்தி, வெட்டுறதுக்கு இல்ல, முடியைப் பிடிச்சுக்க பல்லு வச்சது. முடி நல்லா பழுத்த நேரத்துல உருவினா நாய்க்கு வலிக்காது, ஜிப்பு சின்னதுல மடியிலயே தூங்கிடுவான்.

மெஷின் போட்டா என்ன ஆகும்னா, தடிமனான கலரான நுனி வெட்டுப்பட்டுப் போயிடும், மெலிஞ்ச வெளிறின அடிப்பாகம் மட்டும் மிஞ்சும், செத்த முடியோட வேர் உள்ளயே உக்காந்திருக்கும், அண்டர்கோட் மேல வந்து பஞ்சு மாதிரி ஆயிடும். சேணம்னு சொல்ற முதுகுல இருக்கற கறுப்புப் பகுதி சாம்பலாயிடும், செங்காவி நெறம் பிஸ்கட் கலராயிடும். அப்புறம் சிக்கு விழும், அழுக்கு ஒட்டும், மழைத்தண்ணி நேரா தோலுக்கு இறங்கும். திருப்பிப் பழைய கோட்டைக் கொண்டு வர்றதுக்கு மாசக்கணக்குல பொறுமையா உருவணும், அப்பவும் முழுசா வரும்னு யாரும் வாக்குக் குடுக்க முடியாது. சும்மா வீட்டுல வளர்க்கறவங்க பல பேர் தெரிஞ்சேதான் மெஷின் போடறாங்க, வயசான நாய், கருத்தடை பண்ணி முடி மெத்துன்னு ஆன நாய் இதுக்கெல்லாம் அதுதான் தொந்தரவு கம்மி, அதுல தப்பே இல்ல. நான் கேட்டது அது இல்ல, நான் காசு குடுத்ததும் அதுக்கு இல்ல.

போன்ல பேசும்போதே தெளிவா கேட்டேன், ஸ்ட்ரிப்பிங்தான் வேணும், உடம்புல மெஷின் படக்கூடாதுன்னு. வாட்ஸ்அப்லயும் எழுதிப் போட்டேன், "ஓகே மேடம், நோ மெஷின்"னு பதில் இருக்கு, இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். நேர்ல போனப்ப மேனேஜர் ரொம்ப தெரிஞ்ச மாதிரி பேசினார், அமெரிக்காவுல வெஸ்ட்மின்ஸ்டர்ங்கற பெரிய நாய் ஷோவுல இந்த இனம் 15 தடவை பெஸ்ட் இன் ஷோ, அதாவது மொத்த ஷோவுலயும் முதல் பரிசு, எடுத்திருக்கு, 2019லயும் இதுதான், அதே ஸ்டைல்ல பண்ணித் தரோம்னார். அந்த விஷயம் உண்மைதான். உண்மையான ஒரு விஷயத்தைச் சொல்லி நம்ப வச்சுட்டு உள்ள வேற வேலை பார்த்தாங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. நான் கூட உக்காந்து பார்க்கறேன்னு கேட்டேன், "ஓனர் இருந்தா நாய் நிக்காது மேடம், எங்க பாலிசி"ன்னு வெளிய அனுப்பிட்டாங்க. சிசிடிவி லிங்க் தரேன்னாங்க, கடைசி வரைக்கும் வரல.

ரெண்டு மணி நேரம்கூட ஆகல, ரெடின்னு போன். வளர்ந்து நின்ன கோட்டை ஒழுங்கா கையால உருவ ஒரு ஆளுக்கு பல மணி நேரம் ஆகும், சில பேர் ரெண்டு நாளாப் பிரிச்சுப் பண்ணுவாங்க. அப்பவே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. போய்ப் பார்த்தா வெல்வெட் துணி மாதிரி ஒரே சீரா வழிச்சு, முதுகுல ப்ளேடு போன கோடு தெரியுது, வயித்துப்பக்கம் ப்ளேடு சூட்டுல தோல் செவந்திருக்கு, மேல சென்ட் வாசனை. கேட்டா மேனேஜர் ஒரு ஸ்ட்ரிப்பிங் கத்தியை எடுத்துக் காட்டி இதாலதான் பண்ணினோம், ஃபினிஷிங்குக்கு மட்டும் மெஷின்னார்.

அப்ப எடுத்த முடியைக் காட்டுங்கன்னேன். இது எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க, உருவின முடி முழு நீளத்துல இருக்கும், ஒரு பக்கம் கூரான இயற்கையான நுனி, இன்னொரு பக்கம் வேர்ப்பகுதி மெலிசா வெளுப்பா இருக்கும். மெஷின் முடின்னா அடிப்பக்கம் பட்டையா வெட்டுப்பட்டிருக்கும், கூடவே அண்டர்கோட்டும் துண்டு துண்டா கலந்து கெடக்கும். குப்பைக் கூடையில கெடந்தது பூரா வெட்டுன துண்டு. போட்டோ எடுத்தேன். அதைப் பார்த்ததும் பேச்சு மாறிடுச்சு, "மேடம் சென்னை வெயிலுக்கு இதுதான் நல்லது, குளுகுளுன்னு இருக்கும், நாயோட நல்லதுக்குத்தான் பண்ணோம்". நாய் நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்த்து சூட்டை வெளியேத்தறது இல்ல, முக்கியமா மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளுமைப்படுத்திக்கும். இந்த இனத்துக்கு உடம்புல பாதிக்கு மேல வெள்ளை, அதை ஒட்ட வழிச்சா வெயில் நேரா தோல்ல அடிச்சுப் பொசுங்கும். குளுமைன்னு சொல்லி மொட்டை அடிக்கற கடை எல்லாத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

வேலையில இருந்த பையனை நான் குத்தம் சொல்லல. வெளிய வந்தப்ப அவன்தான் மெதுவா "அக்கா எங்களுக்கு அது கத்துத் தரவே இல்ல, மெஷின்தான் போடச் சொன்னாங்க"ன்னான். சின்னப் பையன், அவன் வேலை போயிடக்கூடாதுன்னுதான் புகார்ல கூட அவனைப் பத்தி எழுதல.

இனிமேதான் பெரிய விஷயம். மறுநாள் ராத்திரி ஜிப்பு சோபாவுல ஏறல, சாப்பிடல, முதுகுல கை வச்சா வீல்னு கத்தறான், உடம்பு கொதிக்குது. வீட்டுக்காரர் எங்கயாவது விழுந்து முதுகெலும்புல அடிபட்டிருக்கும்னு பயந்துட்டார், பக்கத்து க்ளினிக்ல காமிச்சப்ப அவங்களும் மொதல்ல டிஸ்க் பிரச்சனையா இருக்குமோன்னுதான் பார்த்தாங்க. எக்ஸ்ரேவுல ஒண்ணும் இல்ல. அப்புறம் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், 1903ல இருந்து நடக்கற காலேஜோட ஆஸ்பத்திரி அது, கூட்டம் இருக்கும் ஆனா பார்ப்பாங்க. அங்க இருந்த டாக்டரம்மா முதுகு முடியை விலக்கிப் பார்த்த உடனே கேட்ட மொத கேள்வி "ரெண்டு மூணு நாளைக்குள்ள எங்கயாவது குளிப்பாட்டினீங்களா?". முதுகு நெடுக செவப்பா, சிலது கறுத்து ரத்தம் கோத்த மாதிரி கொப்புளம்.

இதுக்குப் பேரு போஸ்ட் க்ரூமிங் ஃபுரங்குலோசிஸ். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். கடைகள்ல ஷாம்புவைத் தண்ணில கலந்து பெரிய பாட்டில்ல ஊத்தி வச்சு நாள்கணக்கா எல்லா நாய்க்கும் அதையே போடுவாங்க. சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, ஈரத்துல நல்லா வளரும், அந்த பாட்டில்ல பெருகிடும். குளிப்பாட்டும்போது முடி வளர்ற திசைக்கு எதிரா அழுத்தித் தேய்ச்சா முடிக்குழிக்குள்ள காயம் ஆகி அது ஆழமா உள்ள போயிடும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல வெளிய தெரியும், முதுகுலதான் அதிகம் வரும். காய்ச்சல், பயங்கர வலி. கட்டையான வெறைப்பான முடி குத்தறதுனால இந்த மாதிரி முடி உள்ள நாய்க்கு வர்ற வாய்ப்பு கூடுதல். ஆழமான இன்ஃபெக்ஷன்றதால எந்த மருந்து கேக்கும்னு கல்ச்சர் (கிருமியை லேப்ல வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்) எடுத்துத்தான் ஆன்டிபயாடிக் குடுக்கணும், அதையும் வாரக்கணக்குல குடுக்கணும், நல்லாயிடுச்சுன்னு பாதியில நிறுத்தக்கூடாது. எங்க ரிப்போர்ட்ல சூடோமோனாஸ்னே வந்தது. அவன் அந்த வலியோட என் மடியில தலையை மட்டும் வச்சுக்கிட்டுப் படுத்திருந்தான், முதுகைத் தொட விடல. அதை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

அதனால யாராவது நாயைக் குளிப்பாட்டிட்டு வந்த ரெண்டு மூணு நாள்ல முதுகுவலின்னு தூக்கிட்டு ஓடினா, டாக்டர்கிட்ட குளிப்பாட்டினதை மொதல்ல சொல்லுங்க. வீட்டுலயும் ஷாம்புவை அன்னன்னைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துட்டு மீதியைக் கொட்டிடுங்க, பாட்டிலைக் கழுவிக் காய வைங்க.

ரிப்போர்ட்டை எடுத்துட்டு வீட்டுக்காரர் கடைக்குப் போனார். சாப்பாடு அலர்ஜியா இருக்கும் சார்னாங்க. கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டினதும் ஓனரே போன்ல வந்தார், பாதிக் காசு திருப்பித் தரோம், ஆனா ஆன்லைன்ல எதுவும் எழுத மாட்டோம்னு கையெழுத்துப் போடணும்னார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாம அந்தப் பேப்பரை அங்கயே வச்சுட்டு வந்துட்டார்.

அடுத்து ஒரு கடைக்குப் போறதுக்கு முன்னாடி என்ன கேக்கலாம்னு, பழைய காலத்துல இருந்து டெரியர் வளர்க்கிற ஒரு பெரியவர் சொன்னது, இப்ப அவர்தான் ஜிப்புவுக்கும் பார்க்கறார். ஸ்ட்ரிப் பண்றதுக்கு முன்னாடி குளிப்பாட்டுவீங்களா அப்புறமான்னு கேளுங்க. முன்னாடின்னு சொன்னா அவங்களுக்கு வேலை தெரியல, ஷாம்பு போட்ட முடி வழுக்கும், பிடியே கிடைக்காது, சாக் பவுடர் தொட்டு உலர்ந்த முடியிலதான் உருவணும். உருவின உடனேயும் குளிப்பாட்டக்கூடாது, முடிக்குழி எல்லாம் தொறந்திருக்கும், சில நாள் விடணும். எந்த எடத்துல மெஷின் போடுவீங்கன்னும் கேளுங்க, நேர்மையானவங்க கன்னம், தொண்டை, வயிறு, பின்பக்கம் இதெல்லாம் தோல் மெல்லிசு, அங்க மெஷினோ கத்திரியோதான்னு சொல்லிடுவாங்க. உச்சந்தலையில இருந்து வால் நுனி வரைக்கும் எல்லாமே கையாலன்னு அடிச்சு விடறவங்களை நம்பாதீங்க. நாயைப் பார்க்காமலே போன்ல ரேட்டும் நேரமும் சொல்றவங்களையும்தான், முடி லூசாகி இருக்கா, உருவலாமா, இன்னும் மூணு வாரம் போகணுமான்னு ரெண்டு முடியை இழுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அப்புறம் பக்கத்துல இருந்து பார்க்கலாமான்னு கேளுங்க, முடியாதுன்னா நாயைக் கூட்டிட்டு வந்துடுங்க, எவ்ளோ பெரிய கடையா இருந்தாலும். தூக்க மருந்து குடுக்கறேன்னு சொன்னா கண்டிப்பா விடாதீங்க, அது கால்நடை டாக்டர் மட்டும் பார்த்துக் குடுக்க வேண்டியது.

ஜிப்பு இப்ப தேறிட்டான், நல்லா சாப்பிடறான், மாடிப்படி ஏறி எறங்கறான். முடிதான் பஞ்சு மாதிரி வந்திருக்கு, சேணம் சாம்பல் நெறம். பெரியவர் விரல்ல ரப்பர் உறை மாட்டிக்கிட்டு ஒரு தடவைக்குக் கொஞ்சமா, தோல் செவந்தா அன்னைக்கு அதோட நிறுத்திடறார். கழுத்துப் பக்கம் நாலு வெறைப்பு முடி வந்திருக்குன்னு போன வாரம் காட்டினார்.

புகார் விவரம் வேணுங்கறவங்களுக்கு: மொதல்ல 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணோம், கடைக்காரங்க மசியல, இப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கோம். 2019 நுகர்வோர் சட்டப்படி பிரச்சனை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே போடலாம். பில்லுல "ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்"னு எழுதி வாங்கினது, வாட்ஸ்அப் பதில், குப்பைக்கூடை போட்டோ, கல்ச்சர் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் சேத்து வச்சிருக்கோம். உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தா பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நாயோட முன்ன பின்ன போட்டோ தேதியோட எடுத்து வைங்க, என்ன எழுதணும்னு தெரியலன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, நாங்க குடுத்த புகாரோட மாதிரியை அனுப்பறேன்.