பச்சைக் குழந்தைக்கு பவுன்சர் வேண்டுமா? ஒரே நாற்காலி, இரண்டு குழந்தைகள், மூன்று வருஷம்

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று வருஷமாக ஏறி இறங்கிய பவுன்சர், அதாவது கைக்குழந்தையைச் சாய்த்து வைக்கும் ஆடும் நாற்காலி, போன வாரம் கீழ்வீட்டுக்குப் போனது. அங்கே பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தை. வாங்கிக்கொண்ட அம்மாக்காரி, "அக்கா, இது நெஜமாவே தேவைப்படுமா, இல்ல சும்மா இடத்த அடைக்குமா?" என்று கேட்டாள். மாடிப்படியில் நின்றபடி ஒரு வார்த்தையில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. இரண்டு குழந்தைகளையும் அதில் உட்கார வைத்துப் பார்த்தவள் என்பதால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

மகள் பிறந்தது 2022 ஜூனில். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு. அதனால் பவுன்சர் பத்தாம் நாள்தான் வந்தது. தி.நகரில் ஒரு கடையில் 2,650 ரூபாய்க்கு என் கணவர் வாங்கி வந்தார். வளைந்த இரும்புக் கம்பி, அதில் இழுத்துக் கட்டிய துணி இருக்கை, இடுப்பில் போட ஒரு பெல்ட், தலைக்கு மேலே இரண்டு பொம்மை தொங்கும் ஒரு வளைவு, பேட்டரி போட்டால் மெல்ல அதிரும் ஒரு சின்னப் பெட்டி. குழந்தை பாதி சாய்ந்து படுத்திருக்கும். அது கையைக் காலை அசைத்தால் கம்பி வளைந்து கொடுத்து இருக்கை ஆடும். அவ்வளவுதான் அந்தப் பொருள்.

அப்போது நான் பெரம்பூரில் அம்மா வீட்டில் இருந்தேன். கூடத்தில் பாய் விரித்து அதன் மேல் பவுன்சரை வைத்து மகளைப் படுக்க வைத்தேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. போட்டோ எடுக்க போனைத் தேடிக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில் அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்து, முகவாய் போய் நெஞ்சில் முட்டிவிட்டது. மூச்சுச் சத்தம் மாறியது. மூக்கடைத்த மாதிரி ஒரு மெல்லிய 'கர்'. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் காதில் விழுந்தது. "எடுடி மொதல்ல பிள்ளைய. தல தொங்குது பாரு" என்று முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். தூக்கித் தோளில் போட்டதும் மூச்சு சரியானது.

மறுநாள் குழந்தை டாக்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பிறந்த குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு, கழுத்தில் பலமே இருக்காது. சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் விழுந்தால் அதைத் தூக்கி நிறுத்த அதற்குத் தெரியாது. மூச்சுக்குழாயோ மெல்லிசு. இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா மடங்கினால் எப்படி இளநீர் வராதோ அப்படித்தான் என்றார் டாக்டர். அழக்கூட முடியாமல் சத்தமில்லாமல் மூச்சு குறைந்துவிடும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய இடம்.

வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தேன். குறைந்தது 3.5 கிலோ எடை இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பெட்டியின் மேலேயோ 'பிறந்த நாளிலிருந்தே' என்று பெரிய எழுத்து. என் மகள் பிறக்கும்போது 2.7 கிலோ. நம் ஊரில் இரண்டே முக்கால், மூன்று கிலோவுக்குப் பிறக்கும் குழந்தைகள்தான் நிறைய. பிறந்த சில நாளில் அந்த எடையிலும் கொஞ்சம் குறையும், அதைத் திரும்பப் பிடிக்கவே பத்துப் பன்னிரண்டு நாளாகும். அப்புறம்தான் நாளுக்கு 20, 30 கிராம் என்று ஏறும். சுவீடனின் பேபிபியோர்ன் நிறுவனம் 1961-லிருந்து இந்த மாதிரி நாற்காலி செய்கிறது, அவர்கள் வைத்திருக்கும் கணக்கும் அதே 3.5 கிலோதான். அப்படியானால் நம் குழந்தைகளில் பலருக்கு முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் இந்தப் பொருள் பொருந்தவே பொருந்தாது. ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது என் மகள் 3.6 கிலோ. அதுவரை பவுன்சர் மடித்தபடி பீரோவுக்குப் பின்னால்தான் இருந்தது. அதனால் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. குளிப்பாட்ட அம்மாவின் நீட்டிய கால் இருந்தது, படுக்கப் பாய் இருந்தது, தூக்க ஆள் இருந்தது.

தூக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதை வாங்குவதே குழந்தை தூங்கும் என்ற நம்பிக்கையில்தான். தூங்குகிறது, உண்மை. ஏழாவது வாரத்தில் ஒரு ராத்திரி மகள் இரண்டு மணி நேரமாக அழுது, கடைசியில் பவுன்சரின் அதிர்வில் ஐந்து நிமிஷத்தில் கண் அசந்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டு நாமும் படுத்துவிடலாம் என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் டாக்டர் அதில் ரொம்பத் தெளிவாக இருந்தார்: தூங்கிவிட்டால் எடுத்துத் தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் போட வேண்டும், முழித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022 ஜூனில் வெளியிட்ட அறிவுரையிலும் இதேதான் இருக்கிறது. குழந்தைகள் தூங்குவதற்கென்று பத்து டிகிரிக்கு மேல் சாய்வாகச் செய்த படுக்கைகளை விற்கக் கூடாது என்று அந்த நாட்டில் 2022 மே மாதம் சட்டமே வந்தது. அதற்கு முன், 2019-ல், அங்கே பேர் போன ஒரு சாய்வுத் தொட்டிலில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, விற்ற 47 லட்சம் தொட்டில்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பவுன்சர் தூங்குவதற்காகச் செய்ததே இல்லை, அதன் சாய்வு பத்து டிகிரியைவிட ரொம்ப அதிகம். அந்த ராத்திரி மகளை எடுத்துப் பாயில் போட்டேன், முழித்தாள், மறுபடி அரை மணி நேரம் தட்டினேன். இன்றும் அதைச் சரி என்றே நினைக்கிறேன்.

"நீங்கல்லாம் தூளியிலதானே வளந்தீங்க" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. பெரம்பூர் வீட்டில் கூடத்து உத்தரத்தில் இருக்கும் கொக்கி, நானும் தம்பியும் ஆடிய அதே கொக்கி. பழைய நூல் சேலையில் கட்டிய தூளிக்குள் காற்று போகும், அம்மாவின் வாசனை இருக்கும், அதில் கிடக்கும் சுகத்தை எந்தக் கடைப் பொருளும் தராது. ஆனால் தூளியிலும் முதுகு வளைகிறது, முகவாய் நெஞ்சுக்கு வருகிறது, துணி முகத்தை மூட வாய்ப்பிருக்கிறது. பவுன்சருக்கு ஒரு நியாயம், தூளிக்கு ஒரு நியாயம் என்று என்னால் பேச முடியாது. அம்மாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: பகலில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தூளி. ராத்திரி பாய்தான்.

மூன்றாம் மாதம் முடிந்து செப்டம்பர் நடுவில் ஆதம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். பவுன்சரின் அருமை தெரிந்தது அப்போதுதான். கணவர் எட்டரைக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் சாயங்காலம் வரை நானும் அவளும் மட்டும். தலை பின்ன வேண்டும், குளிக்க வேண்டும், ஒரு வாய் சூடாகச் சாப்பிட வேண்டும். தரையில் விட்டால் என்னைத் தேடி அழுவாள். சமையலறைக்கு வெளியே, கூடத்துத் தரையில், அடுப்பிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி பவுன்சரை வைப்பேன். எண்ணெய் தெறிக்காது, என் முகம் அவளுக்குத் தெரியும்.

ஒரு காலையில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவள் வலது காலை உதைத்தாள். இருக்கை இரண்டு தரம் ஆடி நின்றது, மேலே பொம்மை அசைந்தது. அவள் உறைந்து போய்ப் பார்த்தாள். கை இரண்டும் அந்தரத்தில் விரிந்தபடி நின்றன. மறுபடி ஒரு உதை. மறுபடி ஆட்டம். மூன்றாவது தரம் உதைக்கும் முன்பே முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தன் கால்தான் அதை ஆட்டுகிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்குச் சாம்பார் தாமதம். 2,650 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்ததில் பெரியது எது என்று கேட்டால் அந்தக் காலைதான் என்பேன். பேட்டரி அதிர்வை அதற்குப் பிறகு நான் போடவே இல்லை. அவளாக ஆட்டும்போது அது எதற்கு?

ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிஷம். நாளில் இரண்டு தடவை, மிஞ்சிப் போனால் மூன்று. அதற்கு மேல் வைக்க மனசு வரவில்லை. ஒரே பக்கம் தலை அழுந்தினால் பின்மண்டை தட்டையாகும், குப்புறப் போட்டுக் கழுத்தைத் தூக்கிப் பழக வேண்டிய நேரமும் போய்விடும். மீதி நேரமெல்லாம் பாய்தான், அதில்தான் உடம்பு வளர்கிறது. பால் கக்கும் குழந்தைக்கு இது நல்லது என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு நேர்மாறாகத்தான் ஆனது. குடித்த கையோடு உட்கார வைத்தால் வயிறு மடிந்து கூடுதலாகக் கக்கினாள். ஏப்பம் வரும்வரை தோளில் போட்டு, அப்புறமும் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்ததுதான் பலன் தந்தது.

ஒரு தப்பும் நடந்தது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று கணவர் பவுன்சரைச் சாப்பாட்டு மேஜையின் மேலேயே தூக்கி வைத்துவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் ஊற்றும்போது மாமியார்தான், "அது நகருது, பாரு" என்றார். ஒவ்வொரு உதைக்கும் வழவழப்பான மேஜையில் பவுன்சர் நூலளவு நகர்ந்து, வைத்த இடத்திலிருந்து நாலு விரல்கடை தள்ளி வந்திருந்தது. விளிம்புக்கு இன்னும் ஒரு சாண்தான். அன்றிலிருந்து தரை மட்டும்தான். கட்டில், சோபா, மேஜை எதிலும் வைப்பதில்லை. மெத்தையில் வைத்தால் ஒரு பக்கம் அமுங்கிக் கவிழும். பெல்ட்டும் ஒரு நிமிஷத்துக்காக இருந்தாலும் போட வேண்டும்.

துணியைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. சென்னை வெயிலுக்கு அந்தப் பாலியஸ்டர் ஆகவே ஆகாது. பத்து நிமிஷத்தில் முதுகு நனைந்து, ஒரு வாரத்தில் வேர்க்குரு. மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டியைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து, பெல்ட் வெளியே வர இரண்டு ஓட்டை விட்டு, இருக்கையில் இறுக்கமாக மாட்டுகிற மாதிரி உறை தைத்து வாங்கினேன். மாற்றிப் போட இரண்டு. அதற்கப்புறம் வேர்க்குரு வரவில்லை. நீங்கள் வாங்குவதானால் துணி கழற்றித் துவைக்க வருகிறதா என்று முதலில் பாருங்கள், பொம்மையும் பாட்டும் அப்புறம்.

நாலரை மாதத்தில் மகள் குப்புற விழுந்தாள். அதன் பிறகு பவுன்சரில் வைத்தால் வில் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு திமிறுவாள். டிசம்பரில், ஆறு மாதம் ஆனபோது, எடுத்துப் பரணில் போட்டேன். ஆக மொத்தம் உபயோகித்தது நாலரை மாதம், அதில் நன்றாக உழைத்தது இரண்டு மாதம்.

2025 ஜனவரியில் மகன் பிறந்தான். பரணிலிருந்து இறக்கினால் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது, எடுத்து வைக்காமல் விட்டது என் தவறு. கம்பி பற்ற வைத்த இடங்களில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, திருகுகளை முறுக்கினோம். துணி, பெல்ட், வளைவு எல்லாம் உறுதியாகவே இருந்தன. ஏப்ரலில் அவனை முதலில் உட்கார வைத்தபோது, இரண்டேமுக்கால் வயது அக்கா ஓடி வந்து ஆசையாகக் கம்பியை மிதித்து ஆட்டிவிட்டாள். அவன் தலை பின்னுக்கும் முன்னுக்கும் குலுங்கிவிட்டது. வீட்டில் பெரிய குழந்தை இருந்தால் பவுன்சர் பக்கத்திலேயே நீங்கள் உட்கார வேண்டியிருக்கும், அப்புறம் அது எதற்கு என்று ஆகிவிடும்.

அதைவிட முக்கியம், அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. மூன்றே நிமிஷத்தில் முகம் சிவந்து அழுகை. நேரம் மாற்றிப் பார்த்தேன், இடம் மாற்றிப் பார்த்தேன், வேட்டி உறையும் போட்டேன். பாயில் மல்லாக்க விட்டால் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பான். மொத்தம் இருபது தடவை உட்கார்ந்திருந்தால் அதிகம். இதே வீடு, இதே நாற்காலி, இதே அம்மா. அக்காவுக்கு அமிர்தம், தம்பிக்கு ஆகவில்லை.

அதனால்தான் புதிதாக வாங்காதீர்கள் என்கிறேன். யாரிடமாவது இரவல் கேளுங்கள், பத்து நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். கூட ஆள் இருக்கிற வீட்டுக்கு அப்புறமும் அவசியமில்லை. பகல் முழுக்கத் தனியாகக் குழந்தையோடு இருக்கும் அம்மாவுக்கு, இரண்டாம் மாதக் கடைசியிலிருந்து ஐந்தாம் மாதம் வரை, நிம்மதியாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளவாவது இது உதவும். அந்தப் பதினைந்து நிமிஷத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது.

நேற்று கீழ்வீட்டுக்குப் போயிருந்தேன். பவுன்சர் சுவரோரம் மடித்தபடி இருந்தது. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் மூணு கிலோ இருநூறுதான்கா. ஆறாவது வார ஊசிக்குப் போறப்ப எடை பாத்துட்டு விரிக்கிறேன்" என்றாள். வேட்டி உறை இரண்டையும் துவைத்து மாடிக் கொடியில் காயப் போட்டிருந்தாள்.