கார் ஆடியோ மாட்டக் கொடுக்கிறவர்கள் வயரைச் சுரண்டிப் பாருங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் காரில் ஆம்ப்ளிஃபயர் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, சுருக்கமாக ஆம்ப்), சப்-ஊஃபர் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) மாட்டலாம் என்று இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயர் வேண்டாம். தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு கடைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்ற நிலைமையும் இல்லை. எனக்கு நடந்தது தெரிந்த பிறகு நண்பர்கள் இரண்டு பேர் தங்கள் வண்டியைத் திறந்து காட்டினார்கள். வேறு வேறு கடை, உள்ளே அதே வேலை.

எனக்கு இது புதுத் துறை இல்லை. டிடிஏ2030 ஐசி போட்ட சின்ன போர்டில் ஆரம்பித்து, எல்எம்3886 வரை வீட்டு மாடியில் ஆம்ப் கட்டிக்கொண்டிருக்கிற ஆள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போனால் பஸ்ஸுக்குக் காசு வைத்துக்கொண்டுதான் மீதியைச் செலவழிப்பேன். ஆனால் கார் வயரிங் என்பது சால்டரிங் அயர்ன் வேலை இல்லை. சீட்டைக் கழற்ற வேண்டும், கார்பெட்டைத் தூக்க வேண்டும், பேட்டரியிலிருந்து டிக்கி வரை வயர் இழுக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் காரின் நாலு கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் தண்ணீர் லாரி போகாது. அதனால்தான் மச்சான் சொன்ன புதுச்சேரிக் கடையில் விட்டேன்.

ஆம்ப் என்னுடையது. நாலு சேனல், நாலு ஓம்ஸ் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில் சேனலுக்கு 75 வாட்ஸ், பின்னால் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. சப்-ஊஃபரும் பெட்டியும் கடையில் வாங்கியது, 8,500 ரூபாய். ‘4 கேஜ், ஃபுல் காப்பர்’ என்று சொல்லிக் கொடுத்த வயரிங் கிட் 5,800 (கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு). கூலி 3,000. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் அண்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு” என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். பணத்தை யூபிஐயில் போட்டேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

முதலில் நன்றாகவே பாடியது. ஒரு மாதிரி சந்தேகம் வந்தது, தவில் கச்சேரி போட்டபோது. அடி விழும் ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் லேசாக மங்கியது. அப்புறம் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுபோகும். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி பாடும். கடையில் காட்டினேன். “விட்டுட்டுப் போங்கண்ணே, பாத்து வைக்கிறேன்” என்றார். மாலையில் போனால், “ஆம்பைப் பிரிச்சுப் பாத்துட்டோம், போர்டு போயிடுச்சு. மாத்தணும்னா 4,500 ஆகும். இல்லன்னா இதைக் கொடுத்துட்டு புது ஆம்ப் எடுத்துக்குங்க” என்றார்.

இங்கே ஒரு விஷயம். என் கையில் இருக்கும் எந்தப் பெட்டியானாலும் அடித்தகட்டு ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவேன். அதிர்வில் ஸ்க்ரூ தளராமல் இருக்கும், யாராவது திறந்தாலும் தெரிந்துவிடும். அன்று ஆம்பைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு ஸ்க்ரூவிலும் வீட்டம்மாவின் மெரூன் நெயில் பாலிஷ் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. திறக்காத பெட்டிக்குள் போர்டு போயிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே நின்று சண்டை போட்டிருந்தால் அன்றே வயரையெல்லாம் மாற்றி வைத்துக்கொண்டு ‘ஒண்ணுமே இல்லையே’ என்று சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் பன்னிரண்டு வோல்ட் சப்ளையில் போட்டு, நாலு ஓம்ஸ் லோடு கொடுத்து ஓட்டினேன். ஆம்பில் ஒரு குறையும் இல்லை. சரி, சப் பக்கம் பார்ப்போம் என்று மல்டிமீட்டரை ஸ்பீக்கர் வயரில் வைத்தால் 1.8 ஓம்ஸ். அதோடு பாதிக் கதை புரிந்துவிட்டது. அந்த சப்பில் இரண்டு காயில் (கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் நாலு ஓம்ஸ். இரண்டையும் பேரலலாகக் கட்டினால் இரண்டு ஓம்ஸ் ஆகிவிடும். மீட்டரில் அது சற்றுக் குறைவாகத்தான் காட்டும். அதை இரண்டு சேனலைச் சேர்த்து பிரிட்ஜ் செய்த முனையில் கொடுத்திருந்தார்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓம்ஸைத்தான் பார்க்கும், அதாவது ஒரு ஓம். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தள்ள வேண்டிவரும். ஆம்பின் முதுகிலேயே ‘பிரிட்ஜில் குறைந்தது நாலு ஓம்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறது. சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதால்தான் அது பிழைத்தது. காயில் இரண்டையும் சீரீஸில் மாற்றிக் கட்டினேன், எட்டு ஓம்ஸ். சத்தம் கொஞ்சம் குறைந்தது, சிவப்பு விளக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை. ஐந்து நிமிட வேலைக்கு 4,500 கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஹெட்லைட் மங்குவது நிற்கவில்லை. வால்யூமை ஏற்றிவிட்டு அளந்தேன். பேட்டரி முனையில் 13.8 வோல்ட், ஆம்ப் முனையில் 12.2. நடுவில் 1.6 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. பிளஸ் வயரில் 0.7, எர்த் (வண்டியின் பாடியில் முறுக்கும் மைனஸ் வயர்) பக்கம் 0.9. எர்த்தைக் கழற்றிப் பார்த்தால், பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருக்கிறார்கள். லக்கின் வாயில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. காப்பர் உப்புக்காற்றில் பச்சை கட்டும். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அடையாளம்.

பிளேடை எடுத்து ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. காப்பர் பூசிய அலுமினியம். அதோடு, ‘4 கேஜ்’ என்று எழுதிய அந்தச் சிவப்பு வயரின் தடிமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறைதான். உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எட்டு ஸ்கொயர் எம்எம் தேறினால் அதிகம். உண்மையான 4 கேஜ் 21 ஸ்கொயர் எம்எம் இருக்க வேண்டும். அலுமினியத்தின் கடத்தும் திறன் காப்பரில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஆக அளவிலும் ஏமாற்று, உலோகத்திலும் ஏமாற்று. இந்த வகை வயரை விற்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. அலுமினியம் என்று சொல்லி, அதற்கான விலையில், இன்னும் தடிமனாகப் போட்டால் வேலை செய்யும். காப்பர் விலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதற்குப் பெயர் வேறு. கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் அலுமினியமும் காப்பரும் தொட்டுக்கொண்டிருக்கிற இடம் சீக்கிரம் அரித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது பணம் போன கதை. எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு.

பேட்டரி பக்கம் ஃபியூஸ் இல்லை. கிட்டோடு வந்த ஃபியூஸ் ஹோல்டர் கவரோடு டிக்கியில் கார்பெட்டுக்கு அடியில் கிடந்தது. எஞ்சின் அறைக்கும் நம் காலடிக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் மாட்டாமல், வயரை அப்படியே உள்ளே விட்டிருக்கிறார்கள். டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்தேன். தகட்டின் விளிம்பு உறையைப் பாதி அறுத்திருந்தது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் போயிருந்தால் பேட்டரியின் பிளஸ் நேராகப் பாடியில். ஷார்ட்டான கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும், அதைத் தடுக்க நடுவில் ஒன்றுமே இல்லை. பின்சீட்டில் பிள்ளைகள் உட்காருகிற இடத்துக்குக் கீழேதான் அந்த வயர் போகிறது.

இதை போனில் சொன்னேன். கடைக்காரர் சொன்ன பதில்: “ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்குதுல்ல அண்ணே. சவுண்டு வருதுல்ல, அப்புறம் என்ன?” ஆம்பில் இருக்கிற ஃபியூஸ் ஆம்புக்கு. அதற்கு முன்னால் ஐந்து மீட்டர் வயர் இருக்கிறது, அதைக் காப்பாற்ற பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் தனி ஃபியூஸ் வேண்டும். கார் ஆடியோ பலகை மாட்டியிருக்கிற யாருக்கும் இது தெரியாமல் இருக்க முடியாது. அவருக்கும் தெரியும், ஹோல்டரை மாட்டினால் லக் அடித்து, பிராக்கெட் வைத்து அரைமணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான் காரணம்.

டாஷ்போர்டைப் பற்றி நீட்ட வேண்டாம். கம்பெனி ஸ்டீரியோவின் வயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள், வெயிலில் பசை இளகி டேப் அவிழ்ந்து தொங்கியது. உங்கள் மாடலுக்கான கப்ளர் (செருகும் இணைப்பு) போட்டால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. வெட்டிவிட்டால் வண்டியின் எலெக்ட்ரிகல் வாரண்டியைக் கேட்டுப் போகும்போது பேச்சு வரும்.

நெல்லிக்குப்பத்தில் நண்பர் வீட்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு மறுபடி இழுத்தோம். கார் ஆடியோ கிட் வாங்கவில்லை. 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் வாங்கினேன். சூடும் எண்ணெயும் தாங்கும் ரப்பர் உறை, நன்றாக வளையும். வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் வருகிறது, அங்கேயும் பார்த்து வாங்குங்கள். பேட்டரி பக்கத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸ், தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம், எர்த் வைக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து லக்கை முறுக்கி மேலே கிரீஸ் தடவினோம். இப்போது மொத்த இழப்பே 0.3 வோல்ட். ஹெட்லைட் ஆடுவதில்லை.

நீங்கள் கடையில் கொடுக்கும்போது வயரை இழுப்பதற்கு முன்பே ஒரு துண்டு கேளுங்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் செம்பாக இருக்க வேண்டும். ஒரு இழையை வெளியே எடுத்துவந்து லைட்டரில் காட்டினால், காப்பர் சிவந்து நிற்கும், பூசிய அலுமினியம் உருகிச் சுருண்டு உதிரும். வெளியே வெள்ளி, உள்ளே செம்பு என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது வெள்ளீயம் பூசிய காப்பர், நம் ஊர் காற்றுக்கு அதுதான் நல்லது. சுரண்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ‘5000 வாட்ஸ்’ ஸ்டிக்கரைப் பார்த்து ஆம்ப் எடுக்காதீர்கள். ஃபியூஸைப் பாருங்கள்: 30 ஆம்பியர் இரண்டு என்றால் உள்ளே போவதே 800 வாட்ஸ் சொச்சம், அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய் மீதிதான் ஸ்பீக்கருக்கு வரும்.

பில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம்தான். யூபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ‘ஃபுல் காப்பர் கிட்’ செய்தி இவற்றைத்தான் நான் கொடுத்திருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம், அதனால் கடலூரிலேயே கொடுத்தேன். கடைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: கழற்றிய வயரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், அலுமினியத்துக்கு அவர் பெரிதாக ஒன்றும் தரவும் மாட்டார். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், மீட்டர் காட்டும் எண் தெரிகிற மாதிரி ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். நான் எடுத்ததில் நெயில் பாலிஷ் ஸ்க்ரூ படமும் இருக்கிறது.