கொள்ளிடக்கரையிலிருந்து வரும் வாரக் காய்ப் பை: வாங்கலாமா?

கும்பகோணத்தில் இப்போது வீட்டு வாசலுக்கே காய்ப் பை கொண்டுவந்து கொடுப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். நான் வாங்குவது கொள்ளிடம் படுகையில் சாகுபடி செய்கிற ஒரு குடும்பத்தின் பை. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பேர் வேண்டாம். வாரம் 450 ரூபாய், ஏழெட்டு வகைக் காய், இரண்டு கட்டுக் கீரை, ஏதாவது ஒரு வகைப் பழம். அந்த வாரம் தோட்டத்தில் என்ன காய்த்ததோ அதுதான் வரும், இது வேண்டும் அது வேண்டாம் என்கிற பேச்செல்லாம் கிடையாது.

எனக்குப் பிடித்ததே அதுதான். கடைக்கு நாமே போனால் கை தானாக உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், தக்காளி என்றுதான் நீளும், ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியதையே வருஷம் முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சமைத்துக்கொண்டிருப்போம். இந்தப் பை வர ஆரம்பித்த பிறகு கொத்தவரை, பீர்க்கு, புடலை, பரங்கிக்கொட்டை, வாழைத்தண்டு, பச்சைச் சுண்டைக்காய் எல்லாம் முறைவைத்து அடுப்பேறுகின்றன. வந்துவிட்டது, காசும் கொடுத்தாயிற்று, வேறு வழியில்லை, சமைத்தே ஆகவேண்டும்!

தகராறு வாழைப்பூவில்தான். மடல் மடலாக உரித்து, ஒவ்வொரு பூவிலும் விறைத்து நிற்கும் கள்ளனையும் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலையும் கிள்ளி எறிந்து, நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட்டுக்கொண்டே வரவேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும், கையில் எண்ணெய் தடவாமல் உட்கார்ந்தால் விரல் நுனியில் கறை லேசில் போகாது. பை கொண்டுவரும் பையனிடம் என் மாமியார், "ஏன் தம்பி, பூவோட ஆய்ஞ்சு குடுக்க ஒரு ஆளையும் அனுப்பக்கூடாதா?" என்று கேட்டார். "அடுத்த வாரம் ஆய்ஞ்சே தரேம்மா" என்று சிரித்தான், இன்றுவரை முழுப்பூதான் வருகிறது. ஆனாலும் பருப்பு உசிலி செய்த அன்றைக்குச் சட்டியில் மிச்சம் இருப்பதில்லை.

கீரைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முருங்கை, தண்டுக்கீரை, எப்போதாவது அகத்தி. துவாதசி அன்றைக்கு அகத்திக்கீரையோடு நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்ப்பது எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் உண்டு. கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கு வைட்டமின் சி கை கொடுக்கும், நெல்லிக்காயில் அது ஏராளம், ஆக அந்தச் சேர்க்கை சும்மா இல்லை. நெல்லிக்காய் இல்லாத நாளில் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்கிறோம். கீரையில் இருக்கிற கரோட்டின், அதாவது உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து, உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும், அதனால் டயட் என்று சொல்லிக்கொண்டு கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இனி குறைகள். பையில் "நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு" என்று சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் என்கிறது. நான்கு பேருக்கு வாரம் 11 கிலோ 200 கிராம் ஆகிறது. பையைத் தராசில் வைத்தால் ஆறு கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். கட்டுபடியாகாமல் இருக்கலாம், சரி, ஆனால் சீட்டில் "மூன்று நாளுக்கு" என்று போட்டால் நேர்மையாக இருக்கும். மீதிக்கு நான் உழவர் சந்தைக்குப் போய்த்தான் ஆகவேண்டியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை இன்னும் மோசம். படுகையில் தண்ணீர் ஏறிவிட்டால் கீரை அழுகிவிடும், அப்போது கிழங்காகக் கொண்டுவந்து அடைப்பார்கள், சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்று. அவையெல்லாம் மாவுச்சத்து, அந்த 400 கிராம் கணக்கிலேயே சேராது. மார்கழித் திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு வைக்கத் தோதாக இருந்தது என்பது வேறு விஷயம். அதற்காக வாரக்கணக்கில் கிழங்கே தின்றுகொண்டிருக்க முடியுமா?

பழம்தான் படு சுமார். வாராவாரம் பூவன், மாற்றிக் கொடுத்தால் கற்பூரவல்லி. நல்ல பழம், மறுக்கவில்லை, ஆனால் ஒரு சீப்பும் ஒரே நாளில் பழுத்து மறுநாள் கறுத்துத் தொங்கினால் யார் சாப்பிடுவது? இரண்டு சீப்பாகப் பிரித்து, ஒன்றைச் செங்காயாகக் கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார்கள், நடக்கவில்லை. கொய்யா, பப்பாளி, நாவல் எல்லாம் அக்கம்பக்கத்துக் கொல்லையிலேயே கிடைக்கிறது. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி அதிகம், விலையும் குறைவு, அதை ஏன் இவர்கள் பையில் போடுவதில்லை என்று புரியவே இல்லை.

விலை சந்தையைவிடச் சற்றுக் கூடத்தான், எனக்கு அது உறுத்தவில்லை. தனியாக இருப்பவர்களும் வேலைக்கு ஓடுபவர்களும் வாங்கவேண்டாம், ஆய்வதற்கு ஆள் இல்லாமல் பாதி குப்பைக்குப் போகும். வீட்டில் பெரியவர்கள் இருக்கிற, கூட உட்கார்ந்து ஆய ஒரு கை கிடைக்கிற குடும்பமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். வியாழன் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும், சனிக்கிழமை பை வரும். பதினோரு மணிக்கு மேல் வந்தால் கீரை துவண்டிருக்கும், காலையிலேயே வேண்டும் என்று முதல் தடவையே கறாராகச் சொல்லிவிடுங்கள்.