அரப்பள்ளியா, காற்றாடிமலையா?

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து "பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்று காட்டு" என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மா திருவிதாங்கோடு அரப்பள்ளி என்பார், நான் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை என்பேன். இரண்டும் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான்.

பழமைதான் முக்கியம் என்றால் அம்மா சொல்வதே சரி. அரப்பள்ளியை கி.பி. 63இல் இயேசுவின் சீடர் தோமையாரே கட்டினார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் கோயில் அது. தக்கலையிலிருந்து பக்கம்தான். கருங்கல் சுவர், சின்ன இடம். வெயிலிலிருந்து உள்ளே போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தால் அந்தக் குளிர்ச்சி முழங்கை வரை ஏறும். முட்டு வலிக்காரர்களுக்கும் சிரமமில்லை.

காற்றாடிமலையில் கட்டிடத்தைவிட மண்ணும் பாறையும்தான் பேசும். பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றுக் கிறிஸ்தவராகி, தேவசகாயம் ஆனார். அதற்காகவே சிறையும் சித்திரவதையும் பட்டார். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது மணிபோல ஒலித்ததாகச் சொல்லப்படும் மணியடிச்சான் பாறை இன்றும் இருக்கிறது. சின்னக் கல்லால் தட்டிப் பாருங்கள், வெண்கலத்தைத் தட்டியது போல 'டங்' என்று கேட்கும். முதல்முறை கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. 2022 மே 15இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபிறகு கூட்டம் கூடிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் போனால் மலையும் நீங்களும் மட்டும்தான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அவருடைய கல்லறை இருப்பது நாகர்கோவிலில், கோட்டாறு சவேரியார் கோயிலில். காற்றாடிமலைக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும்.

ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் நான் காற்றாடிமலைக்கே அனுப்புவேன். வயதானவர்கள் உடன் வந்தால் மட்டும் அரப்பள்ளி. அங்கே போனால் இன்னொரு வசதியும் உண்டு. தேவசகாயம் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சியில், பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம், மரவேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் வேலை பார்த்த பத்மநாபபுரம் அரண்மனையும் அருகில்தான். தூணும் கூரையும் தேக்கும் பலாவுமாக நிற்கும். திங்கட்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், அன்றைக்கு அரண்மனைக்கு விடுமுறை.